பீரோக் கண்ணாடி

மாலை வெயில் பீரோக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வர நினைப்பவரின் முகத்தில் விழுகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தம்பி மகள், போன வருஷம் இறந்த தன் அப்பாவின் கடைசி நாளைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சரி என்றால் இன்றே நிச்சயம். எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கை யாரும் திரும்ப வாங்கியதில்லை. அவள் குரல் உடைகிறது. அவர் கண் முதலில் கண்ணாடிக்குப் போகிறது. புருவம் சுருங்குகிறது, அதிகமாகிவிட்டதோ என்று கொஞ்சம் தளர்கிறது, உதடு தாழ்கிறது. எல்லாம் சரியாக அமைந்த பிறகே அவள் பக்கம் திரும்புகிறார். "உன் மனசு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியாதா?" அவள் நெகிழ்ந்துபோய் என்னைப் பார்க்கிறாள். "பாத்தீங்களா பெரியப்பா, இவருக்குத்தான் என்னைப் புரியுது." எனக்கு ஏதோ நெருடுகிறது. எதையோ எடுப்பவன் போல எழுந்து பீரோவைத் திறக்கிறேன். கதவோடு கண்ணாடியும் சுவர்ப் பக்கம் போய்விடுகிறது. வெளிச்சம் அவர் முகத்தைவிட்டு நழுவுகிறது. "விட்ட இடத்துலேர்ந்து சொல்லும்மா" என்கிறேன். அவள் சொல்கிறாள், அழுகிறாள். அவர் திறந்த பீரோவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்களேன், மாமா."