துபாய் டிக்கெட்

“மறுவிசாரணைக்கு மக்பூல் பாய் வரமாட்டார் சார்!” மகன் பிரகாஷின் விபத்து வழக்கை நடத்தும் வக்கீல் மொஹ்சினிடம் சிரித்தார் ஆதிமூலம். “நானே டிக்கெட் போட்டேன். இன்னிக்குக் காலையில அவரோட மகன் துபாய்க்குக் கூட்டினு போயிட்டான்.”

மொஹ்சின் அதிர்ந்தார். “நாமளே சாட்சியை வரவிடாம பண்ணினா, போன விசாரணையில சொன்ன சாட்சியத்தையே கோர்ட்டு எடுத்துக்கும். கிரிவலப் பாதையில ஆட்டோவை இடிச்சது பிரகாஷ்தான்னு சொல்லியிருக்காரே!”

“அப்ப திரும்ப வரவழைக்கிறேன்.”

“இனிமே வந்து மாத்திச் சொன்னா, நீங்க விலைக்கு வாங்கிட்டீங்கனுதான் சொல்வாங்க.”

“அவர் எதுக்கு மாத்திச் சொல்லப்போறார்?”

“நேத்து இங்க வந்து அழுதார். ‘இடிச்சது பிரகாஷ் இல்ல, ஆளை மாத்திச் சொல்லிட்டேன். இந்தத் தடவை சரியா சொல்லிடறேன்’னார். அதைச் சொல்லத்தான் உங்களை வரச்சொன்னேன்.”