ஒரே ஒரு ஓட்டு

“எழுபதுகள்ல நம்பர் ஒன், தையல்காரம்மா சொன்ன பாட்டு. மூணு ஓட்டு. இரும்புக்கடை அண்ணன் பாட்டுக்கு ரெண்டு.”

சொல்லிவிட்டுச் சீட்டுகளைச் சட்டென்று மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள் சிஸ்டர்.

கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ரிட்டையர் ஆனவர். எங்கே கூட்டல் தப்பினாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அது டயாலிசிஸ் அறை. நாலு கட்டில், நாலு மெஷின். வாரத்தில் மூணு நாள், காலையில் நாலு மணி நேரம், ஒரு கையில் ஊசியோடு கூரையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். அந்த அலுப்புக்குத்தான் சிஸ்டர் ரெண்டு மாதம் முன்னால் இந்தப் போட்டியை ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒரு பத்து வருஷத்துப் பாட்டுகள். ஆளாளுக்குச் சொன்னதில் கடைசியில் மிஞ்சுவது ரெண்டு பாட்டு. போனில் ரெண்டையும் போட்டுக் காட்டுவாள். நோயாளிகள் நாலு பேர், சிஸ்டர் ஒன்று, ஆக மொத்தம் அஞ்சு ஓட்டு. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ரகசியம்.

ஐம்பதுகளில் தொடங்கி மூணு சுற்று முடிந்து, நாலாவது சுற்றும் பாதி வந்தாயிற்று. இரும்புக்கடைக்காரர் பாட்டு மட்டும் ஒரு தடவைகூட ஜெயித்தபாடில்லை. எப்போதும் ஒரே ஒரு ஓட்டில் மண்ணைக் கவ்வும்.

மனுஷனுக்கோ பாட்டென்றால் உயிர். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வயலின் நுழைகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். “இந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் காது இருக்குபோல,” என்று அன்றைக்கும் பொருமிக்கொண்டே போனார்.

ஊசியெல்லாம் எடுத்த பிறகு எடை பார்க்க வரிசையில் நின்றபோது பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் டீச்சர் பக்கம் குனிந்தார். “இன்னிக்கு நான் அண்ணனுக்குத்தான் போட்டேன் டீச்சர். பாவமா இருந்துச்சு.”

டீச்சரும் அவருக்குத்தான் போட்டிருந்தார்.

மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார். “என் ஓட்டு ஒண்ணு. லாரிக்காரர் ஓட்டு ஒண்ணு. அந்த மனுஷன் ஓட்டு ஒண்ணு. கூட்டினா எவ்வளவும்மா?”

“மூணு டீச்சர்.” சிஸ்டர் அசரவே இல்லை.

“அப்புறம் ரெண்டுன்னு எப்படிச் சொன்னே? இன்னிக்கு மட்டும்தானா, இல்லை தினமும் இதே கூத்துதானா?”

“பாதி நாள் அவர்தான் டீச்சர் ஜெயிச்சார்.”

டீச்சருக்கு வந்த கோபத்தில் இறங்கின ரத்த அழுத்தம் மறுபடி ஏறியிருக்கும். உடம்பு முடியாதவர்களிடம் கள்ளக்கணக்கா, அவர் உனக்கு என்ன பாவம் செய்தார், மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா என்று விளாசித் தள்ளிவிட்டார். 

“திங்கட்கிழமை நீங்களே எண்ணுங்க டீச்சர். என்ன சொல்லணும்னு தோணுதோ சொல்லுங்க,” என்றாள் சிஸ்டர்.

திங்கட்கிழமை எண்பதுகள். இரும்புக்கடைக்காரரின் கோட்டை. விசிலில் ஆரம்பிக்கிற ஒரு காதல் பாட்டைக் கொண்டுவந்திருந்தார். பாட்டு முடிந்ததும் அறையில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. எதிர்ப்பாட்டு தையல்காரம்மாவுடையது. அதுவும் நல்ல பாட்டுதான், ஆனால் இதன் பக்கத்தில் வைக்க முடியாது.

இனிமேல் நான்தான் எண்ணுவேன் என்று டீச்சர் அறிவித்தார். இரும்புக்கடைக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அப்படிப் போடுங்க. டீச்சர் எண்ணினா தப்பு வராது. இன்னிக்கு ஜெயிச்சுட்டா அதோட நிம்மதி. என் பையன்கிட்ட காலைலயே சொல்லிட்டேன், இனிமே இந்த ஊசிக்கெல்லாம் ஒரு பெரிய கும்பிடு, வீட்டிலயே கிடக்கேன்னு. தோத்துட்டு ஓடினான்னு பேர் வரக்கூடாதேன்னுதான் இத்தனை நாள் வந்துட்டிருந்தேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டீச்சரின் கை சீட்டுகள் மேல் அப்படியே நின்றது. போட்டி ஆரம்பிக்கும் முன்னால் இரும்புக்கடைக்காரரின் மூணாவது கட்டில் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கும். ஒரு தடவை ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு, மூச்சு வாங்க ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் படுத்திருக்கிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ரெண்டு மாதமாக அந்தக் கட்டில் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

டீச்சர் நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சீட்டுகளைப் பிரித்தார். தான் போட்டது இரும்புக்கடைக்காரருக்கு. கோழி கிளறினதுபோல இடது கையால் லாரி டிரைவர் எழுதியதும் அவருக்கு. இரும்புக்கடைக்காரர் தனக்கே போட்டுக்கொண்டது ஒன்று. குண்டு குண்டான எழுத்தில் இருந்த சிஸ்டரின் சீட்டும் அவருக்கே. எதிர்ப்பக்கம் தையல்காரம்மாவின் சீட்டு ஒன்றுதான்.

நாலுக்கு ஒன்று. டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பில் விடை சொல்கிற அதே கணீர்க் குரல்.

“தையல்காரம்மா பாட்டுக்கு மூணு. இரும்புக்கடைக்காரர் பாட்டுக்கு ரெண்டு.”

இரும்புக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். “டீச்சரே சொன்ன பிறகு என்ன பண்றது. இருக்கட்டும், புதன்கிழமை தொண்ணூறுகள்ல பார்த்துக்கிறேன்.”

“நேரத்துக்கு வந்துடுங்க,” என்றார் கணக்கு டீச்சர், சீட்டுகளை மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டே. “லேட்டா வந்தா ஓட்டு கிடையாது.”