மாடிக்கும் கீழுக்கும் மூன்று விநாடி

கீழ் வீட்டிலிருந்து மாடி வீட்டுக்குப் புது ஃபைபர் கேபிள் இழுத்துவிட்டு, வேகம் பார்க்கப் பெரிய ஃபைல் ஒன்று கேட்டாள் டெக்னீஷியன் ஷாகிரா.

"எங்கம்மாவையே அனுப்புங்க. அதைவிடப் பெருசு இந்த வீட்ல இல்ல," என்றார் கீழ் வீட்டு மூத்த மகன் குலசேகர்.

இறக்கும் முன் நினைவெல்லாம் ஃபைலாகப் பதிவு செய்யப்பட்ட அம்மா மரகதவல்லியை, இறந்த பிறகும் மகன்கள் மாதம் ஒருவராக முறைவைத்தே தங்கள் கணினியில் வைத்திருந்தார்கள். பழைய லைனில் மாற்ற இரண்டு நாள் ஆகும்.

இப்போது மூன்றே விநாடி. மாடியிலிருந்து தம்பி உடனே போன் செய்தார். "அம்மா பேச ஆரம்பிச்சிட்டாங்க. திருப்பி எடுத்துக்கண்ணா, இது உன் மாசம்."

"இனிமே என்னடா மாசம்?" தம்பி திருப்பி அனுப்பிய அம்மாவை அண்ணன் சிரித்தபடி மறுபடி மாடிக்கே தள்ளினார்.

பதினொன்றாவது முறை கீழே வந்ததும் அம்மா ஸ்பீக்கர் வழியே ஷாகிராவிடம் கேட்டாள்: "ஏம்மா, பழைய வயரையே மாட்டிட்டுப் போயேன். வழியில இருந்த அந்த ரெண்டு நாள்தான் யாருக்கும் பாரமில்லாம இருந்தேன்."