வாபஸ்

"பழி வாங்குறான்மா! கோர்ட்டுல தோத்தவன், இப்ப அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு என்னைப் பழி வாங்குறான்!"

சுருளிவேல் செல்போனைக் கட்டிலில் வீசினான். அத்தனை கோபத்திலும் மெத்தையைப் பார்த்துத்தான் வீசினான். போன் புதுசு.

"செத்த நேரம் மெதுவாப் பேசு அப்பு. அண்ணன் என்னதான் சொன்னான்?" என்றாள் அம்மா ஒச்சம்மாள், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

"எனக்குப் போட்ட ஸ்பான்சர் மனுவை வாபஸ் வாங்கப் போறானாம். 'அங்கேயே நல்லாத்தானே இருக்க சுருளி, இருந்துக்க'ன்னு புத்தி சொல்றான். பதினேழு வருஷம் காத்துக் கெடந்தவன்கிட்டச் சொல்ற பேச்சா இது?"

பதினேழு வருஷம் என்பது மெய்தான். அண்ணன் பழனிக்குமார் அமெரிக்கக் குடிமகன் ஆன கையோடு அம்மாவுக்கும் தம்பிக்கும் சேர்த்தே மனுப் போட்டான். பெற்றவளுக்குச் சீக்கிரமே விசா வந்தது. ஒச்சம்மாள் போனாள், பனியைப் பார்த்தாள், "இந்தக் குளுருல மனுசன் இருப்பானா?" என்று ஆறே மாதத்தில் சேவுகம்பட்டிக்கே திரும்பிவிட்டாள். கூடப்பிறந்தவர்களுக்கான வரிசைதான் ஆமை வேகத்தில் நகர்ந்து, போன மாதம் சுருளிவேலின் முறைக்கு வந்து நின்றது.

வந்ததுதான் தாமதம், வத்தலக்குண்டில் இருந்த உரக்கடையைக் கைமாற்றிவிட்டான். சந்தையிலும் சலூனிலும் கல்யாண வீட்டிலும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் "நியூஜெர்சி, நியூஜெர்சி" என்று தம்பட்டம் அடித்தான். மனைவி நாகஜோதி சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்து, வேர்த்துக் கொட்டிக் கழற்றிப் போட்டாள். இனி விசா இல்லையென்றால் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா?

"திடீர்னு எதுக்காம் வாபஸ்? சண்டை கிண்டை போட்டீகளா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் நாகஜோதி.

"நான் எங்க சண்டை போட்டேன்? எங்க ரெண்டு பேருக்கும் பொறப்புச் சான்றிதழ் இல்லைல்ல, அதான் தூதரகத்துல டி.என்.ஏ. டெஸ்ட் கேக்குறாங்க. அம்மாவும் நாங்க ரெண்டு பேரும் கன்னத்துக்குள்ள பஞ்சைத் தடவிக் குடுத்தாப் போதும். அதைச் சொன்னதும் அவன் குரலே மாறிருச்சு. 'டெஸ்ட்டெல்லாம் வேணாம்டா, விட்டுரு'ன்னான். காரணம் கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். எனக்குத் தெரியாதாக்கும்? எல்லாம் அந்தத் தோப்பு வயித்தெரிச்சல்!"

தோப்பு என்றதும் நாகஜோதியின் தலை உள்ளே போய்விட்டது. அந்த வீட்டில் யாரும் தொடாத பேச்சு அது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்திலேயே நாலுவழிச் சாலை வர, தென்னந்தோப்பின் விலை எகிறியது. பாதி அண்ணனுக்குப் போகும் என்று நினைத்தாலே சுருளிவேலுக்குச் சோறு இறங்கவில்லை. 'பழனிக்குமார் என் கூடப்பிறந்தவனே இல்லை, எங்க வீட்டில் சும்மா வளர்ந்தவன், முறைப்படி தத்துகூட எடுக்கவில்லை' என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி வழக்குப் போட்டான். பெற்ற தாயையே சாட்சிக் கூண்டில் ஏற்றினான். புண்ணியவான் அண்ணன் ஒரு வக்கீல்கூட வைக்கவில்லை. தோப்பு முழுசும் தம்பிக்கே வந்தது.

"டெஸ்ட்டுல நீங்க ஒரு வயித்துப் பிள்ளைகன்னு வந்துட்டா, அந்தத் தீர்ப்பு என்ன ஆகும்?" நாகஜோதிக்குச் சந்தேகம் தீரவில்லை.

"அடிப் போடி! அமெரிக்காக்காரன் என்ன, வத்தலக்குண்டுத் தோப்பையா வந்து கேக்கப் போறான்? தோப்பும் நமக்குத்தான், விசாவும் நமக்குத்தான்."

எம்புட்டு ஆசை பாருங்கள்! அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"அம்மா, கிளம்பு. ராத்திரி பஸ்ஸுக்குச் சென்னை போவோம். நாம முதல்ல டெஸ்ட்டைக் குடுத்துருவோம். அப்புறம் அவன் எப்படி மாட்டேங்கிறான்னு பாக்குறேன்."

"வேணாம் அப்பு. அண்ணன் உன் நல்லதுக்குத்தான் சொல்றான்."

"நல்லதா? என் கழுத்தை அறுக்கிறவன் நல்லவனா? நீயும் அவன் பக்கம் சாஞ்சுட்டியா?"

"ஏலே, எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். சொன்னாக் கேளு, அந்த டெஸ்ட் வேணாம்."

"ஓ, கோர்ட்டுல சொன்ன பொய் வெளிய வந்துரும்னு பயப்படுறியா? பயப்படாதம்மா. அதுக்காக உன்னை யாரும் ஜெயில்ல தூக்கிப் போட மாட்டாங்க."

ஒச்சம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

"நான் கோர்ட்டுல பொய் சொல்லலை அப்பு."

"என்னம்மா உளறுற?"

"'ஒருத்தனைப் பெத்தேன், ஒருத்தனை எடுத்து வளத்தேன்'னு சொல்லச் சொன்ன. அதைத்தான் சொன்னேன். எவனைப் பெத்தேன்னு அங்க யாரும் கேக்கலை."

சுருளிவேலின் கை சட்டைப் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"என் தங்கச்சி பேச்சாயி உன்னைப் பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடிட்டா. பச்சை மண்ணு உன்னைத் தூக்கிக்கிட்டு, அந்த மாசமே வேடசந்தூரை விட்டு இங்க வந்துட்டோம். உங்கண்ணனுக்கு அப்ப ஏழு வயசு, அம்புட்டும் தெரியும்" என்றாள் ஒச்சம்மாள். "கோர்ட்டுக்கு வந்து அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தோப்பு மொத்தமும் அவனுக்குத்தான்டா போயிருக்கும்."