அடுத்த பிறவிப் பாட்டு

"இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சு வா, மாப்ளே," என்றான் பா தெய்ன், உட்காராமலே.

லேர் மூ காலால் ஒரு குட்டி ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினான். இன்செயின் வட்டாரத்தில் இருந்த அந்தத் தேநீர்க் கடைக்கு லேர் மூ காலையில் வராத நாளில்லை. வந்ததும் கேட்பது இந்தப் பாட்டைத்தான். அடுத்த பிறவியிலும் உன் தெருவிலேயே பிறந்து, உன்னைத் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று பாட்டில் ஒருவன் உருகிக்கொண்டிருந்தான்.

லேர் மூவின் மனைவி பாவ் வா இறந்து நான்கு மாதம். பா தெய்ன் அவளுடைய அண்ணன். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவு ஆராதனை. மறுபிறவிப் பாட்டைத் தினமும் கேட்டு வாங்கி ரசிக்கிறவன் அந்த ஆராதனையில் கிதார் வாசிக்கக் கூடாது என்று சபை மூப்பர்கள் சொல்லிவிட்டார்களாம். இனிமேல் கேட்பதில்லை என்று லேர் மூ ஒரு வார்த்தை கொடுத்தால், பா தெய்ன் அவர்களிடம் பேசிப் பார்ப்பானாம்.

தனக்கு மறுபிறவியில் நம்பிக்கையே இல்லை என்றான் லேர் மூ. பிறப்பு ஒன்று, சாவு ஒன்று, அதற்குப் பின் உயிர்த்தெழுதல்.

கடைக்காரி தோ மியா யீ காலையில்தான் புத்தருக்குப் பூ வைத்திருந்தாள். "பாட்டு இனிக்குது, பிறவி மட்டும் கசக்குதாக்கும்," என்றாள்.

"மெட்டு நல்லாருக்கு, அக்கா. அது வெளிநாட்டுக்காரன் போட்டது. இங்க உக்காந்து வார்த்தை எழுதினவனுக்குத்தான் ஒண்ணும் தெரியலை."

பாட்டு முடிந்தது. மறுபடி போடச் சொல்லி லேர் மூ கை காட்டினான்.

பா தெய்ன் ஸ்டூலில் உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது.

"அவளுக்கு நீ வாசிக்காம வேற யாரு வாசிக்கிறது? எவனோ எழுதின பொய்யி, என் தங்கச்சியைவிட உனக்குப் பெரிசாப் போச்சா?"

லேர் மூ குடுவையிலிருந்து வெறும் தேநீரை இரண்டு கோப்பைகளிலும் ஊற்றினான்.

"எவனோ இல்லை, மச்சான். சபைக்குத் தெரியக் கூடாதுன்னு வேற பேர்ல நான்தான் எழுதினேன். அப்ப அவ பக்கத்துல உக்காந்திருந்தா. ஒரு வரியைக்கூட நம்பாம ஒரே மத்தியானத்துல எழுதிட்டேன். இப்ப தினமும் வந்து கேக்கறேன், நம்ப முடியுதான்னு. முடியலை."