வெள்ளை இறங்கிய மாலை

கட்டிய கணவர் எதிரில்கூட ஒருநாளும் காற்றுப் பிரியவிடாத வடிவாம்பாள், குடல் அடைத்து, வயிறு பானையாக உப்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். காலையில் டாக்டர் ஒரு தம்ளர் மருந்தைக் குடிக்கவைத்தார்.

"எக்ஸ்ரேல இது வெள்ளையாத் தெரியும்மா. பெருங்குடல் வரைக்கும் இறங்கிட்டா கத்தி வைக்க வேண்டியதில்ல."

மாலையில் சம்பந்தி வீட்டார் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றபோது, டாக்டர் புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுப்புக்குள் கோலமாவு சிந்தியதுபோல் மருந்தின் வெள்ளை, அடைப்பைத் தாண்டியிருந்தது.

"இறங்கிருச்சும்மா!"

அவர் வாய் மூடுவதற்குள் வார்டே அதிரும்படி ஒரு சத்தம். சம்பந்தியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரியை முறைத்தாள்.

வடிவாம்பாள் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவங்கள ஏன் பாக்குறீங்க? நான்தான்."