பிரசவ வார்டின் காற்று

பிரசவ வார்டின் கதவு சொர்ணவல்லிக்குத் திறக்கவில்லை. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தே காலம் தள்ளியவள் அவள். அவள் இழுத்த பெயிண்ட் நெடியைக் கணக்கு வைக்கும் மணிக்கட்டுப் பட்டை சிவப்பாக எரிந்தது.

"உங்க நுரையீரல் தாங்கற அளவு முடிஞ்சுபோச்சும்மா. உள்ள இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல, நீங்க அந்தக் காத்தை ஒருவாட்டி இழுத்தாலும் உயிருக்கு ஆபத்து," என்றான் காவலாளி.

உள்ளே மகள் குயிலி அலறினாள்.

"மூச்சை அடக்கிக்கிட்டுப் போய், பாத்துட்டு ஓடியாந்துடறேன் தம்பி. கதவ மட்டும் திறந்து விடு."

அவன் திறந்துவிட்டான். சொர்ணவல்லி ஓடிப்போய் மகளின் கையைப் பற்றினாள்.

"பயமா இருக்கும்மா. ஏதாவது பேசும்மா."

சொர்ணவல்லி தலையை மட்டும் ஆட்டினாள். நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

"பேசும்மா!"

"நான் இருக்கேன்டி கண்ணு," என்றாள்.

இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறையின் காற்றை ஆழமாக இழுத்துக்கொண்டாள்.